ஃபர்னஸ் முன்னால் இறக்கிய ஒன்றரைக் கிலோ

எங்கள் கம்பெனி கபடி அணியில் தினேஷ்குமாரைப் போல ரெய்டு போகிறவனை நான் பார்த்ததில்லை. அவனைப் போல அடம்பிடிக்கிறவனையும் பார்த்ததில்லை. பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். ஓசூர் சிப்காட்டில் வண்டிக்கு கியர் செய்கிற கம்பெனியில் மூன்று வருடமாக டிரெய்னி. கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 2008-ல் ஆயுதபூஜைக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தால் பர்மனென்ட் பண்ணிவிடுகிறோம் என்று பர்சனல் மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்லிவைத்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான் பையன்.

அத்திப்பள்ளி ஜிம்மில், சதைக்குப் பலம் ஏற்றுகிற கிரியேட்டின் பவுடர் வாங்கினான். நாளுக்கு ஒரு சின்னக் கரண்டி, தண்ணீர் நிறையக் குடி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இவன் நாலு கரண்டி போட்டான்.

"சீக்கிரம் ஏறட்டுமேண்ணா" என்றான் என்னிடம்.

தொடை திரண்டது, பாய்ச்சல் கூடியது. பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பவுடர் சதைக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்குமாம், எடையும் ஏறிவிட்டது. கோப்பையோ அறுபத்தைந்து கிலோ பிரிவு. சனிக்கிழமை சாயங்காலம் பாகலூர் தக்காளி மண்டி எடைமேடையில் ஒவ்வொருவராக ஏற்றிப் பார்ப்பார்கள். கொஞ்சம் கூடினாலும் வெளியேதான். அன்று காலையில் இவன் அறுபத்தாறரை இருந்தான்.

கம்பெனி அணிகளில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. எடை கூடியவன் அன்றைக்கு ஹீட் ட்ரீட்மென்ட் செக்‌ஷனுக்கு டூட்டி மாற்றிக்கொள்வான். கியரைச் சுட்டு இறுக்குகிற இடம் அது. யூனிபாரத்துக்குள்ளே ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு, ஃபர்னஸ் முன்னால் நின்று, சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வியர்த்துக் கொட்டுவான். எந்த மடையன் கண்டுபிடித்தானோ, அவனையே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும்.

தினேஷும் அன்றைக்கு அப்படித்தான் நின்றான். டீ இடைவேளையில் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"ஒரு வாய் குடிச்சுட்டு நில்லுடா."

"போண்ணா, வேல போயிடும்" என்று கையைத் தட்டிவிட்டான்.

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தொடை இரண்டும் இறுகி, நின்ற இடத்திலேயே சரிந்தான். நல்லவேளை, ஃபர்னஸ் பக்கம் விழவில்லை. ரெயின்கோட்டை அறுத்து எடுத்தால் உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது. கம்பெனி வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் குளிரவைத்து சலைன் ஏற்றினார்கள். மெல்ல நினைவு தெளிந்தது. சிறுநீர் மட்டும் டிகாஷன் நிறத்தில் கொஞ்சம் வந்து, அப்படியே நின்றுவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரம்மா வந்தார்.

"ரத்தத்துல கிட்னிக் கழிவோட அளவு ரொம்ப ஏறியிருக்கு. முன்னாடியே கோளாறு இருந்துதா? மருந்து, பவுடர் ஏதாவது எடுக்கறாரா?"

தினேஷ் என் மணிக்கட்டை இறுக்கினான். சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினான். ஊக்கமருந்து தின்றவன் என்று பெயர் வந்துவிட்டால் வேலையும் போச்சு, விளையாட்டும் போச்சு என்று அவனுக்குப் பயம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழைத்துக் கிடந்தால்தானே பர்மனென்ட்? சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் மனைவி முனிலட்சுமி மூச்சு வாங்க உள்ளே வந்து, பவுடர் டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"அரிசி ட்ரம்முல ஒளிச்சு வெச்சினு இருந்தாருங்க. இதத் தின்னுதான் இப்பிடி ஆயிட்டாரா?"

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு என்று கேட்டார். அவன் நாலு விரலைக் காட்டினான்.

"இது தடை பண்ணின மருந்து இல்லப்பா, எதுக்கு ஒளிக்கற? கிட்னி நல்லா இருக்கறவங்க அளவா எடுத்தா பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. எடை கூடும், அதிகம் தின்னா வயித்தக் கலக்கும். இந்த ரத்த அளவையும் கொஞ்சம் ஏத்திக் காட்டும். அது தெரியாம நான் பழைய வியாதின்னு நெனச்சிருப்பேன். உன்னைச் சாய்ச்சது அந்த அனலும், தண்ணி குடிக்காததும்தான்."

"சரியாயிடுவாருங்களா?" என்றாள் முனிலட்சுமி.

"சிறுநீர் வரட்டும்மா. அப்புறம் சொல்றேன்."

மண்டியில் எடை போடும் நேரம் வந்து, போய்விட்டது. அணியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது, நான் எடுக்கவில்லை. முனிலட்சுமி சிறுநீர் பிடிக்கிற பிளாஸ்டிக் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் வேண்டிக்கொண்டேன்.

விடிந்து வெயில் ஏறிய பிறகு, "வருது" என்றான் தினேஷ்.

முதலில் கறுப்பாகத்தான் வந்தது. அடுத்த தடவை மஞ்சள். அவள் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வார்டு முழுக்க ஆட்கள் இருந்தார்கள், அவளுக்குக் கூச்சமே இல்லை. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, கிட்னி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, இன்னும் சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நர்ஸ் அவனைத் தாங்கிப் பிடித்து எடை மெஷினில் நிறுத்தினாள்.

"அறுபத்தாறரை."

ஃபர்னஸ் முன்னால் இறக்கியதெல்லாம் சலைனோடு திரும்ப ஏறியிருந்தது. அதைக் கேட்டதும் தினேஷ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். அந்நேரம் பாகலூரில் அவன் இல்லாமல் முதல் ஆட்டம் தொடங்கியிருக்கும். முனிலட்சுமி அவன் கைகளை விலக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அந்த ஒண்ணரக் கிலோவும் என்னுது" என்றாள். "கம்பெனிக்குக் குடுக்க மாட்டேன்."