அம்மைச் சொம்பில் நெளிந்தவை

செல்லி, பெரியா, நீங்கள் இருவரும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். நாளை உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் காய்ச்சல் வரலாம்.

துறையூர்ச் சந்தையில் மிளகு விற்றுத் திரும்பிய எனக்குப் புளியஞ்சோலைக்கு மேல் மலையேற முடியவில்லை. கண்ணுக்குப் பின்னால் குத்தியது. இடுப்பை முறுக்கிப் பிழிந்தது. மலைக்காய்ச்சல் என்று குயினைன் (கசப்பான காய்ச்சல் மருந்து) விழுங்கினேன். காது இரைந்ததுதான் மிச்சம். படுத்தால் எழத் தோன்றும், எழுந்தால் படுக்கத் தோன்றும்.

பிறகு உடம்பெல்லாம் செம்புள்ளி. உங்கள் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்திருக்கறாளுங்க."

தலைமாட்டில் சொம்புத் தண்ணீரில் வேப்பிலை போட்டு வைத்தாள். தலைக்கு ஊற்றும்வரை அதை மாற்றக் கூடாது. எனக்குக் காய்ச்சல் விட்ட பிறகும், நல்ல நாள் அமையாமல் அது தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் செல்லி, நீ காய்ச்சலில் சுருண்டு விழுந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்து டாக்டரிடம் போனேன்.

"இது மலைக்காய்ச்சல் இல்லப்பா, டெங்கு. வைரஸ் (கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமி). காய்ச்சல்காரனைக் கடிச்ச கொசு அடுத்தவனுக்குக் கொண்டுபோகும்."

"கொசு ராத்திரிதானுங்களே கடிக்கும்?"

"இவன் பகல்கொள்ளைக்காரன். வீட்டுல தேங்கின தண்ணி இருக்கா?"

"ஆத்தா சொம்புதானுங்க இருக்குது."

அவர் சிரிக்கவில்லை. "அதுல புழு நெளியுதான்னு பாரு. அதுதான் கொசுவாகும். இந்தக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. இவளுக்குக் கஞ்சித்தண்ணி குடு. தொட்டில் பிள்ளையைக் கொசு அண்டவிடாதே. வந்தா தாங்காது."

தொட்டிலில் இருந்தவன் நீ, பெரியா.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். வேப்பிலைக்கு அடியில் புழுக்கள் துள்ளின.

"இதைக் கொட்டோணும், புள்ள."

"கொட்டுனா ரண்டையும் வாரிக்கிட்டுப் போயிருவா. உங்களைப் பொழைக்க வெச்சது டாக்டருங்களா, ஆத்தாளுங்களா?"

சொம்பை அவளிடம் நீட்டினேன். "ஆத்தாளுக்குப் புழுத்தண்ணியா வெக்கறது?" என்றேன்.

அவள் சொம்புக்குள் நெடுநேரம் பார்த்தாள். "நான் கீரை பறிக்கப் போறனுங்க. நான் எதையும் பாக்கலை."

சொம்பைக் கவிழ்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, புதுத்தண்ணீர் பிடித்து வைத்தேன். மறுநாளும் அவள் கீரைக்குப் போனாள். அதற்கு மறுநாளும். வீட்டில் தினமும் கீரைக் குழம்புதான்.

பகலெல்லாம் தொட்டிலைச் சுற்றி விசிறினேன். பெரியா, உன் நெற்றியைத் தொட்ட கையை எடுத்ததும் மறுபடி தொடத் தோன்றும். உனக்கு வரவில்லை. செல்லி, நீ எழுந்து கஞ்சிக்கு ஊறுகாய் கேட்டாய்.

காய்ச்சல் போயும் வெகுநாள் வரை என் விரல்கள் மடங்கவில்லை. காலையில் கைகள் மட்டும் என்னைவிட வயதாகி விழிக்கும். இனி மண்வெட்டி பிடிக்க முடியுமா என்று பயமாக இருந்தது.

பிறகொருநாள் சோளக்காட்டுக்குத் தனியே போகும்போது, வழியில் அம்மன் கல்லின் முன்னால் யாரோ வைத்துப்போன சொம்பைப் பழைய தண்ணீரோடு கண்டேன். கவிழ்த்தேன். வலிக்கும் விரலால் உட்புறம் தேய்த்து, ஓடையில் நிரப்பி வைத்தேன்.

"நல்ல தண்ணி, குடி ஆத்தா" என்றேன்.