வழியில் ஆள் எப்படி?

கால்பந்து கிளப்பில் ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுப்பது யார் என்று கேட்டால் கோச் என்பார்கள், செயலாளர் என்பார்கள். வேன் டிரைவர் என்று யாராவது சொல்வார்களா? அந்தக் கிளப்பில் பாதித் தேர்வை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை அவருக்குச் சரியாகத் தெரியாது என்பது வேறு விஷயம்.

சோதனை ஆட்டத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களை ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்குக் கூட்டிவருவது அவர் வேலை. முக்கால் மணி நேர ஓட்டம். ஆட்டம் முடிந்ததும் கோச் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: வழியில் ஆள் எப்படி? மைதானத்தில் எல்லாரும் நல்ல பிள்ளைதான், வேனில்தான் சாயம் வெளுக்கும் என்பது கோச்சின் எண்ணம். ஒருமுறை டிரைவர் சரிப்பட மாட்டான் என்று சொன்ன ஒருத்தன், வேறு கிளப்பில் சேர்ந்து மூன்றே மாதத்தில் கூட ஆடுகிறவன் பல்லை உடைத்தான். அதற்கப்புறம் டிரைவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மனுஷனுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. "செலக்டர் ஐயா, அந்தக் குப்பையைக் கொஞ்சம் வெளியே வைங்க" என்று மனைவி வாருவாள். அவருக்கு உள்ளூர இனிக்கும்.

அன்று தடுப்பாட்டத்தில் ஒரே ஒரு இடம், வந்ததோ இரண்டு பேர். பதிவுக்கும் அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குள் கால்பந்துச் சங்கத்தின் கணினியில் பெயர் ஏறியாக வேண்டும். ஒருத்தன் முன் சீட்டில் உட்கார்ந்து, அண்ணே அண்ணே என்று வண்டி மைலேஜ்வரை விசாரித்துக்கொண்டே வந்தான். இன்னொருத்தனுக்கு இருபத்தெட்டு வயது. ஆடிக்கொண்டிருந்த கிளப் கலைந்து ஒரு வருடமாகிறது. இந்த இடமும் போனால் அவன் பூட்ஸைக் கழற்றிவைக்க வேண்டியதுதான். அவன் பின் சீட்டு ஜன்னலில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். சாப்பிட்டாச்சா தம்பி என்று டிரைவர் இரண்டு தடவை கேட்டார். வாயைத் திறக்கவில்லை. அவருக்குச் சுருக்கென்றது.

இரண்டு பேருமே நன்றாக ஆடினார்கள். கோச் தலையைச் சொறிந்துகொண்டு வேனருகே வந்தார்.

"பின்னால உட்கார்ந்தவன் திமிர் பிடிச்சவன் சார். மனுஷனை மதிக்கத் தெரியல" என்றார் டிரைவர்.

அவ்வளவுதான், கதை முடிந்தது. முன் சீட்டுக்காரன் ஒப்பந்தத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, கிளப் சட்டையை மாட்டிக்கொண்டு செயலாளரோடு படம் எடுத்துக்கொண்டான்.

நாலரைக்கு மற்றவனை ரயில் நிலையத்தில் விடக் கிளம்பினார். பாலம் தாண்டியதும் அவன் பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டினான். நிறுத்தியதும் இறங்கி ஓடி, சாலையோரம் குனிந்து குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தான். டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"சின்ன வயசுலேருந்தே வேன்ல ஏறினா இப்படித்தாண்ணே" என்றான். "வரும்போது வாயைத் திறந்தா வந்துடும்போல இருந்துச்சு. நீங்க சீட்டையெல்லாம் எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க, பாழாக்கிடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டே வந்தேன். நீங்க கேட்டதுக்குக்கூட பதில் சொல்லல. தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே."

அடப் பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று டிரைவருக்கு உறைத்தது. முன்னால் உட்கார்ந்தால் அவ்வளவாகக் குமட்டாது என்று அவனை முன் சீட்டில் ஏற்றினார். ஒரு சாமானை மறந்துவிட்டதாகச் சொல்லி வண்டியைத் திருப்பினார். மைதானத்துக்கு வந்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம். அவனை வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

மூச்சு வாங்க அவர் சொன்னதையெல்லாம் கோச் நின்று கேட்டார். செயலாளர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கையெழுத்து ஆயிடுச்சுண்ணே" என்றார் கோச். "ஆகலைன்னே வச்சுக்குங்க. மத்தியானம் திமிர் பிடிச்சவன்னு சொன்னதும் நீங்கதான், இப்போ தங்கமானவன்னு சொல்றதும் நீங்கதான். நான் எதை எடுத்துக்க?"

இனிமேல் ஆள் எப்படி என்று உங்களைக் கேட்கவில்லை, விடுங்கள் என்று கோச் டிரைவர் முதுகில் தட்டிவிட்டு உள்ளே போனார்.

வேனில் அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவர் ஏறி வண்டியை எடுத்தார்.

"மறந்ததை எடுத்துட்டீங்களாண்ணே?" என்று கேட்டான்.

கொஞ்ச தூரம் போனபின் மறுபடியும் கேட்டான். அவரால் வாயைத் திறக்க முடியவில்லை.