ஏரிக்காரியின் சட்டை

தெருவே அவளை டெய்லர் அக்கா என்றுதான் கூப்பிடும். சைக்கிள் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறியதும் ஒரே அறை. இரண்டு தையல் மெஷின், ஆளுயரக் கண்ணாடி, ஒரு வெட்டும் மேஜை. இருபத்திரண்டு வருடமாக ஊரில் பாதிப் பேருக்கு அளவெடுத்தவள். யாருக்கு எந்தத் தோள் இறக்கம் என்பதை நடையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளுடைய ஒரே தங்கை பெருநகரத்தில் ஃபேஷன் டிசைனர்.

அந்த ஊரில் ஒரு கதை உண்டு. ஏரிக்குள் ஒருத்தி இருக்கிறாளாம். கரையில் காயப்போட்ட சட்டைகளில் ஒரு கையை மட்டும் பிய்த்துக்கொண்டு போவாளாம். ஊரில் எது தொலைந்தாலும் "ஏரிக்காரி கொண்டுபோயிட்டா" என்பார்கள். அம்மா ஆலை வேலைக்குப் போனபிறகு, தங்கைக்குச் சோறு ஊட்டியபடி இந்தக் கதையைச் சொன்னது அக்காதான். பிய்த்த கைகளையெல்லாம் மீன் செதில் மாதிரி அடுக்கி அவள் தனக்கொரு சட்டை தைத்துக்கொள்கிறாள் என்பது அக்கா தானாகச் சேர்த்துக்கொண்டது.

ஒருநாள் அளவு கொடுக்க வந்த டீச்சர் போனை நீட்டினார். "இது உங்க தங்கச்சிதானே?"

மேடையில் பெண்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். எல்லா உடைக்கும் ஒரே ஒரு கை. உடம்பெங்கும் செதில் செதிலாகத் துணி. கீழே தங்கையின் பேட்டி: "சின்ன வயசுல அம்மா சொன்ன கதை."

அக்காவுக்கு வயிறு எரிந்தது. "ஆமா, கெட்டிக்காரி" என்று மட்டும் சொன்னாள். அன்று ஒரு பாவாடைக்கு இடுப்புப் பட்டியைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள்.

"கூடப்பிறந்தவதானே, சந்தோஷப்படேன்" என்றார் கணவர்.

"சந்தோஷம்தான்."

"மூஞ்சியப் பாத்தா துக்கம் விசாரிச்சுட்டு வந்த மாதிரி இருக்கு."

அவள் தன் போனில் அந்தப் படங்களைத் தேடியெடுத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றாவதாக வந்த பெண் கையில்லாத பக்கத்தை முழங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். உடை நழுவுகிறது. அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

பள்ளி விழாவுக்கு அதே மாதிரி வேண்டும் என்றார் டீச்சர். தைத்தாள். நழுவாமல் தைத்தாள். டீச்சரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் துணியோடு படியேறி வந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் தங்கை ஊருக்கு வந்தாள். வீட்டுக்குப் போகாமல் பெட்டியோடு நேரே கடைக்கு வந்தாள்.

"வழியில டீச்சரைப் பாத்தேன். அது யார் தைச்சது?"

"நான்தான்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கதையை எடுக்கும்போது நீ என்னைக் கேட்டியா?"

தங்கை மேஜையில் பாதி தைத்துக் கிடந்த உடையை எடுத்து, உள்பக்கம் திருப்பி, கழுத்தோரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். அப்போது அவள் முகம் போன போக்கு அக்காவுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். இரண்டு மாதமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

"இது ஏன் நழுவ மாட்டேங்குது? என்கிட்ட வாங்கினவங்க பாதிப் பேர் திருப்பி அனுப்பிட்டாங்க."

"முதல்ல இதைச் சொல்லு. அம்மான்னு ஏன் சொன்ன?"

தங்கை ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அக்கான்னு சொன்னா, அக்கா என்ன பண்றாங்கன்னு கேப்பாங்க. டெய்லர்னு சொன்னா, இதெல்லாம் நீ தைச்சதுன்னே நெனைச்சுப்பாங்க. சின்ன வயசுலேருந்து அம்மா உன் கைத்தையலைத்தான் எல்லார்கிட்டயும் காட்டுவாங்க. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காதுக்கா."

இதைவிட இனிப்பான பேச்சை அக்கா அதுவரை கேட்டதில்லை. அந்த மயக்கத்தில் சொல்லிவிட்டாள்: "துணிக்கும் லைனிங்குக்கும் நடுவுல நாடா வை. ஓரத்தைவிட அரை அங்குலம் குறைச்சு வெட்டு. அது இழுத்துப் பிடிச்சுக்கும்." தங்கை நோட்டில் எழுதிக்கொள்வதைப் பார்த்ததும், சொல்லியிருக்க வேண்டாமோ என்றிருந்தது.

அடுத்த பேட்டியில் "அக்கா சொன்ன கதை" என்று வந்தது. டெய்லர் என்பதையும் சேர்த்திருந்தாள். டீச்சர் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்ட, அக்கா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதை நீட்டினாள். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் படத்தை நிதானமாகப் பார்த்தாள். எதுவும் நழுவவில்லை. செதில்களின் ஓரத்தை ஒரு நூல்கூட வெளியே தெரியாமல் மடித்திருந்தாள் தங்கை. அக்காவுக்கு அப்படி மடிக்க வராது. மறுபடியும் வயிறு எரிந்தது.

மறுநாள் அவளே போன் போட்டு, அதை எப்படி மடித்தாய் என்று கேட்டாள். தங்கை இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டுத்தான் சொன்னாள்.