கனகாம்பரத்துக்கு ஒரு ஹீட்டர்

கல்யாணமாகி டெல்லிக்கு வந்த முதல் வருஷம், தொண்ணூறுகளின் நடுவில், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் பால்கனியில் ஒரு கனகாம்பரம் வளர்த்தேன். திண்டுக்கல்லிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த செடி. இங்கே பூக்காரனிடம் கேட்டால் செண்டுமல்லியை நீட்டுவான். அதைச் சூடிக்கொள்ள நான் என்ன பந்தல்காலா?

ஐப்பசி வரை பூத்துத் தள்ளியது. டிசம்பர் குளிரில் செடியும் சுருங்கியது, நானும் சுருங்கினேன். இரண்டு ஸ்வெட்டருக்குள் மூக்கு ஒழுக உட்கார்ந்து, வீட்டுக்காரரிடம் கறாராகச் சொன்னேன்.

"ஏங்க, இந்தச் செடி குளிரைத் தாண்டுச்சுன்னா நானும் இங்க இருப்பேன். செத்துச்சுன்னா நீங்க மெட்ராஸுக்கு டிரான்ஸ்பர் எழுதிக் கொடுக்கணும்."

மனுஷன் ஆடிப்போனார். அவருக்கு டெல்லி என்றால் உயிர். அன்றிலிருந்து செடிக்கு ராஜ உபசாரம். தன் குரங்குக் குல்லாவையே அதற்கு மாட்டிவிட்டார். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பார்த்துவிட்டு, குழந்தைக்குச் சளியா என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால், செடி ஹாலில் இருக்கிறது. எதிரே ரூம் ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிகிறது. இலையெல்லாம் சுட்ட அப்பளம். பக்கத்தில் இவர் ரஜாய் மெத்தைப் போர்வைக்குள் குறட்டை.

"அடப்பாவி மனுஷா!"

"பாவம், குளிருமேன்னுதான் கொஞ்சம்..."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே டிரான்ஸ்பர் விண்ணப்பத்தை எழுதி மேஜையில் வைத்தார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

தொட்டியைக் காலி செய்யலாமென்று பால்கனிக்குக் கொண்டுபோய், மண் இளக ஒரு சொம்பு தண்ணீரைத் தலையோடு ஊற்றினேன். சற்று நேரத்தில் பட், பட்டென்று காய்ந்த கதிர்கள் வெடித்து விதை தெறித்தது. ஒன்று, எட்டிப் பார்க்க வந்த அவர் மூக்குக்கண்ணாடியில் பட்டது.

"ஐயோ! என்னடி இது, பட்டாசா?"

நனைந்தால் கனகாம்பரக் காய் வெடிக்கும் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆபீஸில் ஆயிரம் ஃபைல் பார்க்கிற இவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரித்து மாளவில்லை. இருவரும் தவழ்ந்து தவழ்ந்து விதை பொறுக்கினோம்.

மறுநாள் ஆபீஸ் கிளம்பும்போது மெல்லக் கேட்டார். "அந்த விண்ணப்பம் எங்க? இன்னிக்குக் கொடுக்கணும்ல?"

"அதுலதான் விதையைப் பொட்டலம் கட்டி வச்சிருக்கேன். பங்குனியில விதைக்கணும். பிரிச்சுக்கிரிச்சு வைக்காதீங்க" என்றேன்.