அக்கா வீட்டு வண்டி

டார்ச்சக்காவின் குழி என்று தெரிந்தால், வண்டிச் சோதனை நிலையத்தில் வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பாதி உயிர் போய்விடும். கையிலிருக்கும் டோக்கனைப் பக்கத்து ஆளிடம் மாற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். அவள் அதையும் கவனித்துவிட்டு, வாங்க வாங்க, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று சிரித்தபடி கூப்பிடுவாள். வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்க மற்ற டெஸ்டர்களுக்குக் குழிக்குள் பொருத்தியிருக்கும் விளக்கே போதும். அவளுக்கு அது காணாது. சட்டைப்பையில் ஒரு சின்ன டார்ச் எப்போதும் இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே, அவள் வேலையே அதுதான்.

டெஸ்டர் ஆவது ஒன்றும் லேசுப்பட்ட காரியமில்லை. வாகனப் பொறியியலில் டிப்ளமோ வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் நான்கு வருடம் கிரீஸும் கையுமாகக் கிடந்திருக்க வேண்டும். கண் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, கடைசியாக ஒரு அதிகாரி பக்கத்தில் நின்று குறிப்பெடுக்க, ஒரு முழு வண்டியைச் சோதித்துக் காட்ட வேண்டும். இத்தனையும் தாண்டினால் ஒரு எண் தருவார்கள். அந்த எண்ணும் கையெழுத்தும் விழுந்தால்தான் வண்டி சாலைக்குப் போகலாம். கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. பக்கத்து ஆள் பார்த்தார், நான் பார்க்கவில்லை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

டார்ச்சக்கா அந்த எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். 'குடும்பத்தாரின் வண்டி சோதனைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று அதில் ஒரு கேள்வி. 'வேறொரு டெஸ்டரிடம் ஒப்படைப்பேன்' என்று கண் மூடித் திறப்பதற்குள் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அந்தக் கேள்வி தன்னை இப்படித் துரத்தி வந்து பிடிக்கும் என்று அவள் அப்போது நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அவள் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பதினெட்டுப் பிள்ளைகள். வருடத்துக்கு ஒருமுறை அந்த வேனும் சோதனைக்கு வந்துதானே ஆக வேண்டும்? அது மூன்றாவது குழிக்குப் போகும். அங்கே வேலை பார்ப்பவனை எல்லாரும் மூணாங்குழி என்றே கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது சின்னவன், வாய்க்கு வாய் அக்கா என்பான். வேன் வருகிற நாளில் அவள் அந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டாள். வீட்டிலும் அப்படியே. ஒருநாள் ஏதோ சத்தம் வருகிறது, கொஞ்சம் பார் என்று கணவன் கேட்டதற்கு, வீட்டு வண்டியை நான் தொடக்கூடாது, விதி என்று சொல்லிவிட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சமென்ன, நிறையவே.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துண்டைக் காற்று தூக்கிக்கொண்டுபோய், வீட்டோரம் நின்ற வேனுக்கடியில் போட்டுவிட்டது. அவள் குனிந்து இழுத்தாள். எதிலோ சிக்கியிருந்தது. வெடுக்கென்று இழுத்ததும் துண்டு வந்தது, கூடவே கைநிறையத் துரு. உள்ளங்கை அகலத்தில் செதில் செதிலாக.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேலோட்டமாகப் படிகிற துரு எது, உள்ளே அரித்து உதிர்கிற துரு எது என்று அவளுக்கா தெரியாது? ஓடிப்போய் டார்ச்சை எடுத்துவந்து, உடுத்தியிருந்ததைப் பற்றிக்கூட யோசிக்காமல் மண்ணில் மல்லாந்து உள்ளே நகர்ந்தாள். பின்சக்கரங்களுக்குப் போகிற பிரேக் பைப் ஓரிடத்தில் துருவேறி வீங்கி, ஈரமாக மின்னியது. தொட்டு முகர்ந்து பார்த்தாள். பிரேக் ஆயில். பக்கத்தில், வண்டியையே தாங்குகிற சேசிஸ் இரும்புச் சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போய்விட்டது. வெளியே எடுக்கத் தோன்றாமல் அப்படியே கிடந்தாள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு இந்த விரலுக்கு மேலே பதினெட்டுப் பிள்ளைகள் உட்காரும். முதலில் மூன்றாவது வீட்டு இரட்டைப் பெண்கள். அப்புறம் மருந்துக்கடைக்காரர் மகன், ஜன்னலோர இடத்துக்காகத் தினமும் அடம்பிடிப்பவன். முன்கண்ணாடியில் சோதனையில் தேறியதற்கான பச்சை ஸ்டிக்கர் பளபளவென்று ஒட்டியிருந்தது. சோதனை முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

அடியில் என்ன தேடுகிறாய் என்று கேட்டபடி கணவன் வந்து நின்றான். அவள் வெளியே வந்து கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. இந்த வண்டி இனிமே நகராது."

அவன் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"எட்டு நாள் முன்னாடிதான பாஸாச்சு? அதுவும் உங்க ஆபீஸ்லயே?"

துண்டில் கிடந்த துருவைக் காட்டினாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு மாதமாகவே பிரேக் பெடல் கொஞ்சம் தழையத் தழையப் போகிறது என்றான். மெக்கானிக்கிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்டாள்.

"வீட்லயே ஒரு டெஸ்டர் இருக்கும்போது, எவன்கிட்டப் போய்க் காட்டுறது?"

குத்திக்காட்டுவதற்காக அவன் அதைச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். அதுதான் அவளை இன்னும் உலுக்கியது.

மூணாங்குழிக்குப் போன் போட்டாள். என்ன ஏது என்று சொல்லவில்லை, உடனே வா என்றாள். முக்கால் மணி நேரத்தில் பஸ் பிடித்து வந்துவிட்டான். அவசரத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அவள் டார்ச்சை நீட்டினாள். அவன் வேனுக்கடியில் போனான். வெளியே வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தாள். கேட்டது ஒன்றுதான்.

"இத எப்படிடா விட்ட?"

"குழியில எறங்கலக்கா."

பிரேக்கைச் சோதிக்கிற ரோலரில் ஏற்றினானாம், பிரேக் பிடித்ததாம். லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் பார்த்தானாம். கீழே மட்டும் பார்க்கவில்லை. இந்த வருடம் மட்டுமா என்றால், அதுவும் இல்லை. நாலு வருடமாகவே அந்த வேனுக்கு அவன் குழியில் இறங்கினதில்லை.

"அக்கா வீட்டு வண்டி. உங்க கண்ணுல படாம ஒரு நட்டு தப்புமா? நான் எறங்கிப் பாத்தா, உங்கள நம்பாத மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன்."

அவன் பார்ப்பான் என்று அவள் பார்க்கவில்லை. அவள் பார்த்திருப்பாள் என்று அவன் பார்க்கவில்லை. இரண்டு பேருமே பார்க்கிறார்கள் என்று கணவன் எவரிடமும் காட்டவில்லை. ஊரில் எந்த ஓட்டை வண்டிக்கும் ஒரு ஜோடிக் கண்ணாவது கிடைத்திருக்கும். டெஸ்டர் வீட்டு வண்டிக்கு நாலு வருடமாக அதுவும் கிடைக்கவில்லை.

சரி, இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம், பெற்றவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று அவளே ஆரம்பித்தாள். பேச்சோடு பேச்சாக, பஸ்ஸிலா வந்தாய், கார் என்னாயிற்று என்று கேட்டாள். மனைவி நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் அம்மா வீட்டுக்குக் காரில் போயிருக்கிறாள், இப்போது இறங்கி வந்துகொண்டிருப்பாள் என்றான்.

அவ்வளவுதான். அவன் திருப்பிக் கொடுத்த டார்ச் அவள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

அவன் காரை அவன் சோதிக்க முடியாதே. இரண்டு மாதத்துக்கு முன்னால் அது அவளுடைய குழிக்குத்தான் வந்தது. அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. உன் காரில் நான் என்ன பிழையைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று எல்லார் முன்னாலும் கேலி செய்து, லைட்டைப் போடச் சொல்லி, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். டார்ச் அன்றைக்குச் சட்டைப்பையை விட்டு வெளியே வரவேயில்லை.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல்தான் எப்படி?

"உன் கார நானும் பாக்கலடா."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. போனை எடுத்து மனைவியை அழைத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தான். எடுக்கவில்லை. கணவன் வேனில் சாய்ந்தபடி இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்றாவது தடவை அந்தப் பக்கம் குரல் கேட்டது. அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"டார்ச்சக்கா பேசுறேம்மா. ஒண்ணும் பயப்படாத. மெதுவா ஓரங்கட்டி நிறுத்து. பாப்பாவ எறக்கிட்டு, வண்டிய விட்டுத் தள்ளி நில்லு. நாங்க வர்றோம்."

வாடகைக் காரில் அவளும் மூணாங்குழியும் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. சாலையோரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் குழந்தை புல்லைப் பிடுங்கி விளையாடிக்கொண்டிருந்தது. தடுப்புக்கு அப்பால் ஒன்றுமில்லை, பள்ளம்தான். டார்ச்சக்கா நேரே போய்த் தார்ச்சாலையில் படுத்தாள். முன்பக்க இடது டயர் வெளியே பார்க்கப் புதுசு கணக்காக இருந்தது. உள்பக்க விளிம்பில் ரப்பர் முழுக்கத் தேய்ந்து, நரைமுடி மாதிரி கம்பிகள் பிசிறிக்கொண்டு நின்றன. இன்னும் நாலு வளைவு தாங்கியிருக்கும். ஐந்தாவது தாங்கியிருக்குமா என்று அவளால் சொல்ல முடியாது.

எழுந்து நின்றாள். மூணாங்குழியின் மனைவி அருகில் வந்து, கோபமில்லாமல், ஒன்றும் புரியாமல் கேட்டாள்.

"ரெண்டு மாசம் முன்னாடிதான பாஸாச்சு, அக்கா?"

காலையில் கணவன் கேட்ட அதே கேள்வி. அவளால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குழந்தை ஓடிவந்து அவள் கையில் ஒரு பிடி புல்லைக் கொடுத்துவிட்டுப் போனது.

அன்று மாலையே நிலையத்துக்கு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தார்கள். எந்த விதியை மீறினோம் என்று குறிப்பிட வேண்டுமே என்று அவள் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். 'குடும்பத்தாரின் வண்டிக்கு டெஸ்டர் சான்று அளிக்கக் கூடாது.' அவ்வளவுதான் இருந்தது. தொடக்கூடாது என்று இல்லை. பார்க்கக்கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. முன்னும் பின்னும் புரட்டித் தேடினாள். நாலு வருடமாக அவள் பெருமையோடு காப்பாற்றிவந்தது புத்தகத்திலேயே இல்லாத ஒரு விதியை. வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. காகிதத்தில் தன் எண்ணை முதலில் எழுதினாள், அவன் எண்ணை இரண்டாவதாக.

திங்கட்கிழமை காலை கணவன் பதினெட்டு வீட்டுக்கும் நடந்தே போய், வேன் வராது என்று சொன்னான். சில வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். டெஸ்டர்கள் இருவரின் எண்ணையும் மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். மறுபடியும் வகுப்பு, மறுபடியும் தேர்வு.

வகுப்பில் முப்பது பேர், பல ஊர் நிலையங்களிலிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலானோர் ஐந்து வருடத்துக்கொருமுறை வரவேண்டிய கட்டாயத்துக்காக வந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் நடத்தியவர் ஓய்வுபெற்ற அதிகாரி, எல்லாவற்றையும் கேள்வியாகவே கேட்கிறவர். இரண்டாம் நாள் காலை அந்தக் கேள்விக்கு வந்தார். குடும்பத்தாரின் வண்டி வந்தால்?

"வேறொரு டெஸ்டரிடம் ஒப்படைக்க வேண்டும்" என்று முப்பது குரலில் இருபத்தெட்டு குரல் ஒன்றாகச் சொன்னது. சபாஷ் என்றுவிட்டு அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

டார்ச்சக்கா எழுந்து நின்றாள். கூட்டத்தில் எழுந்து பேசி வழக்கமில்லை. துண்டு காற்றில் பறந்ததிலிருந்து ஆரம்பித்தாள். விரல் உள்ளே போனதைச் சொன்னாள். அவன் ஏன் குழியில் இறங்கவில்லை என்பதைச் சொன்னாள். பக்கத்தில் மூணாங்குழி தலையைக் குனிந்துகொண்டான். கார் டயரைச் சொன்னாள். நிறுத்திவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"உங்க வீட்டு வண்டிய யாரு பாக்குறாங்க? எறங்கித்தான் பாத்தாங்களான்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஜன்னலோரம் இருந்த ஒரு தடித்த மனிதர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். அவரும் அவர் பக்கத்தில் இருந்தவரும் ஒரே நிலையக்காரர்கள். ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் வெளியே போனார்கள். பின்வரிசையிலிருந்து இரண்டு பெண்கள். அப்புறம் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல. தாழ்வாரத்திலிருந்து போன் பேச்சு கேட்கத் தொடங்கியது. வண்டி எங்கே நிற்கிறது, யார் எடுத்துக்கொண்டு போனது, எடுக்காதே, நான் வருகிற வரைக்கும் தொடாதே.

பாடம் நடத்தியவர் பாதி காலியான அறையைப் பார்த்தபடி நின்றார். கண்டிப்பார் என்றுதான் டார்ச்சக்கா நினைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என் மகனும் இதே வேலையில்தான் இருக்கிறான், அவன் வண்டியை யார் பார்க்கிறார்களோ என்றார் யாரிடம் என்றில்லாமல். பிறகு சட்டைப்பையில் போனைத் தேட ஆரம்பித்தார். அது சீக்கிரம் அகப்படவில்லை.