எதிர்க்கட்சி எழுந்து நின்ற கதை

மெட்ராஸில் நடந்த மாதிரி சட்டசபைக்கு எங்கள் பெண்கள் பள்ளியிலிருந்து பத்துப் பேர் போனோம். போய் வந்தால் எங்களுக்குத் தன்னம்பிக்கை வளருமாம், தலைமையாசிரியை சொன்னார். ஆனால் யாருக்கு என்ன பதவி என்பதில் ஜனநாயகமெல்லாம் கிடையாது. வேன் கொடுத்து உதவியவர் ஊரில் ஒரு பட்டு முதலாளி. ஆகவே அவர் மகள் கைத்தறி அமைச்சர். எனக்குத் தொண்டை பெரிது. ஆகவே நான் எதிர்க்கட்சித் தலைவி. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை.

சிக்கல் என்னவென்றால், என் அப்பா நெய்ததும் அதே முதலாளிக்குத்தான். அந்த வாரம் ஒரு புடவையை முடித்துத் தறியிலிருந்து அறுத்திருந்தார். முதலாளி அடுத்த பாவு நூலைக் கொடுத்தால்தான் எங்கள் தறி ஓடும். கிளம்பும் நாளில் அம்மா என் பின்னலை இறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பொண்ண எதுத்து ஏதாவது பேசி வச்சிடாதம்மா. பாவு அவங்க ஊட்லேந்துதான் வரணும்."

"எதுக்கறதுதாம்மா என் வேலையே."

"எதுத்துக்கோ. மரியாதையா எதுத்துக்கோ."

அந்த மரியாதைக்குப் பள்ளிக்கூடமே ஏற்பாடு செய்திருந்தது. கேள்வி, பதில் இரண்டையும் தமிழாசிரியையே எழுதிக் கொடுத்துவிட்டார். கைத்தறியின் புகழைப் பரப்ப அரசு என்ன செய்யப்போகிறது என்று நான் கேட்க வேண்டும். சிறப்பாக விழா எடுக்கும் என்று அவள் படிக்க வேண்டும். இப்படி ஒரு எதிர்க்கட்சி வாய்த்தால் எந்த அரசாங்கம்தான் கவிழும்?

சபாநாயகர் ஒரு மெட்ராஸ் பள்ளிக்கூடத்துப் பெண். மூக்குக் கண்ணாடி, தோரணை எல்லாம் இருந்தது. அவள் அழைத்ததும் கைத்தறி அமைச்சர் எழுந்தாள். உடனே எதிர்க்கட்சி வரிசையில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் விருட்டென்று எழுந்து நின்றோம். யோசித்துச் செய்யவில்லை. ஐந்து பேரும் நெசவுக்காரர் வீட்டுப் பெண்கள். முதலாளி வீட்டு ஆள் நிற்கும்போது நாங்கள் உட்கார்ந்த பழக்கமே இல்லை.

"என்ன இது? எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யறீங்களா?" என்றாள் சபாநாயகர்.

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் நிக்கறீங்க?"

"அவங்க நிக்கறாங்களே" என்றேன்.

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. என் முறை வந்தபோது எழுதிக்கொடுத்த தாளைக் கசக்கிப் போட்டேன். "மழைக்காலத்துல தறிக்குழியில தண்ணி ஊறி வேல நின்னுபோகுது. அந்த நாளுக்கெல்லாம் நெசவாளி எதைத் தின்னுவான்னு அமைச்சர் சொல்லணும்" என்று கத்தினேன்.

அமைச்சர் பாவம், கையிலிருந்த தாளை விட்டு இப்படி அப்படி அசையத் தெரியாதவள். "மாண்புமிகு உறுப்பினர் கேட்டது நம் அனைவருக்கும் பெருமை தரும் விஷயம். அரசு அதற்குச் சிறப்பாக விழா எடுக்கும்" என்று படித்தாள்.

இந்தத் தடவை சிரிப்பு அடங்கவே இல்லை. சிறந்த பேச்சாளர் என்று எனக்கு ஒரு கோப்பை கிடைத்தது. திரும்பி வரும் வேனில் என்னோடு யாரும் பேசவில்லை. கூட வந்த தமிழாசிரியை மட்டும் வாலாஜாபாத் தாண்டியதும், "அடங்காப்பிடாரி" என்றார்.

மறுநாள் அப்பா முடித்த புடவையை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார். பெண்ணைக் கூட்டிவந்தால்தான் பாவாம்.

"மன்னிப்பு கேட்டுடும்மா. ஒரு வார்த்த. தறி சும்மா கெடக்குது" என்றார் அப்பா.

போனோம். முதலாளி ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தார். "வாங்க தலைவரே" என்று கிண்டல் வேறு. நான் கையைக் கட்டிக்கொண்டு, "தெரியாம பேசிட்டேங்க, மன்னிச்சிடுங்க" என்றேன். ஒரு திக்கல் திணறல் இல்லை. மெட்ராஸில் வளர்ந்த தன்னம்பிக்கை முதன்முதலாக அதற்குத்தான் பயன்பட்டது.

அப்போது உள்ளேயிருந்து அவர் மகள் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அவ எதுக்குப்பா மன்னிப்பு கேக்கணும்? கேள்விக்குப் பதில் தெரியாம நிந்தது நானு. அத்தினி பேரும் என்னப் பாத்துத்தான் சிரிச்சாங்க. நீயே சொல்லு, நான் இன்னா பதில் சொல்லியிருக்கணும்? மழை பெஞ்சா அவங்க எதைத் தின்னுவாங்க?"

ஊஞ்சல் நின்றது. முதலாளி மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "பாவ எடுத்துக் குடுத்து அனுப்புய்யா மொதல்ல" என்று எரிந்து விழுந்தார்.

பாவு நூலைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார். தெரு திரும்பியதும் நின்றார்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சே, அது நீ மெட்ராஸ்ல கேட்டதா?"

"ஆமாம்பா."

"நல்ல கேள்விதானே. அதுக்குப் போயி எதுக்கு மன்னிப்பு கேட்ட?"

"நீதானப்பா கேக்கச் சொன்ன!"

"நான் பாவுக்கோசரம் ஆயிரம் சொல்லுவேன். உனுக்கு எங்க போச்சு வாயி?"

நடுத்தெருவில் நின்று அழுதேன். அவர்மேல் கோபம் இல்லை. மெட்ராஸில் முன்பின் தெரியாதவர்களிடம் நான் அப்படிக் கத்தினேன். கேட்க வேண்டிய வீட்டில் கேட்டவள் அவள்.