வாழைமரத்துக்குப் போட்ட தையல்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வாரமே ஒரு முழு வெள்ளைத்தாளில் என் வாழ்க்கையை எழுதி முடித்துவிட்டேன். இரண்டு வருடம் மேல்நிலை, பிறகு நீட், ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ்., மூன்று வருடம் எம்.எஸ்., கடைசியில் சிவப்பு மையில் 'சர்ஜன்'. இடம் மிச்சமிருந்ததால் பக்கத்தில் ஒரு கத்திரிக்கோலும் வரைந்து சுவரில் ஒட்டினேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது. கத்திரிக்கோலைப் பார்த்துவிட்டு, தையல் கிளாஸ் எந்த மாசம் ஆரம்பிக்கிறது என்று அம்மா கேட்டாள்.

அந்தத் தாளில் எழுதாத ஒன்று இருந்தது. என் கை நடுங்கும். லேபில் பாட்டிலுக்குள் மிதந்த தவளையை வெளியே எடுத்துக் கையில் வைத்தபோது, என் விரல்களோடு சேர்ந்து செத்த தவளையும் நடுங்கியது. கை நடுங்குகிறவள் சர்ஜன் ஆக முடியாது. யாருக்கும் தெரியாமல் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் குடியிருப்புக்கும் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்கும் நடுவே, இடிப்பதற்காக ஆட்களைக் காலி செய்த ஒரு வரிசை குவார்ட்டர்ஸ் இருந்தது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மத்தியானத்தில் அங்கே காக்கைகூட உட்காராது. மைன்ஸில் கன்வேயர் ஓடுவது சுவருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். வெடி வைக்கும் நேரத்தில் தரை ஒருமுறை மூச்சு விட்டு அடங்கும். கடைசி வீட்டில் செத்துப்போன ஒரு பெண் இன்னும் குடியிருக்கிறாள் என்று எங்கள் பகுதிப் பிள்ளைகள் சொல்வார்கள். அவளைப் பார்த்தவர் யாருமில்லை. அவள் தாளிக்கிற வாசனை மட்டும் பலருக்கும் அடித்திருந்தது. யாரும் வரமாட்டார்கள் என்பதால் நான் அந்த வீட்டையே தேர்ந்தெடுத்தேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், வண்டிகளிலும் ஷெட் வாசல்களிலும் கட்டிய வாழைமரங்களை அவிழ்த்து ரோட்டோரம் எறிந்திருந்தார்கள். அதில் ஒரு தண்டை இழுத்துப்போய்ச் சமையல் மேடையில் கிடத்தினேன். மேலிருந்து கீழே பிளேடால் ஒரே கோடாகக் கிழித்தேன். மட்டை பிளந்து நீர் கசிந்தது. போனில் பார்த்த மாதிரி தைக்க ஊசியை எடுத்தால், கை ஆடியது. போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் பள்ளி விட்டுப் போனபோது அந்தப் பிளவு மூடியிருந்தது.

தடித்த வெள்ளை நூல். விரல்கடை இடைவெளியில், ஒன்றோடொன்று கோத்து, மேலிருந்து அடிவரை ஒரே ஓட்டமாகப் போட்ட தையல். கசிந்த நீரைக்கூட யாரோ துடைத்திருந்தார்கள்.  ஆனால் நான் ஓடவில்லை. பயத்தைவிடக் கர்வம் பெரிதாக இருந்த வயது அது. அந்தப் பெண் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு மூன்று வாரம் இப்படியே நடந்தது. ஒரு நாள் கிழித்து வைத்துவிட்டு வருவேன். மறுநாள் தைத்திருக்கும். நான் ஒவ்வொரு தையலாகப் பிரித்து, நூல் எங்கே நுழைந்து எங்கே வெளிவருகிறது என்று பார்த்து, அதே துளைகளில் திரும்பத் தைப்பேன். பின்னால் யாரோ நின்று பார்ப்பதுபோல் இருக்கும். திரும்பமாட்டேன். மெல்ல மெல்லக் கை நடுக்கம் நின்றது.

அந்தச் சமயத்தில், நீட் எழுதப்போகிற மாணவிகளிடம் பேச ஒரு பெண் டாக்டர் எங்கள் பள்ளிக்கு வந்தார். யாருக்குச் சர்ஜன் ஆக ஆசை என்று அவர் கேட்டதும் எழுந்து, நான் தைத்து வைத்திருந்த வாழைமட்டையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் அதை நீண்ட நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இறுக்கமா போட்டிருக்க. ஆனா இது உயிரோட இருக்கறவங்களுக்குப் போடறது இல்லம்மா. மார்ச்சுவரியில போடறது. யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

நானாகக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னேன். செத்தவள் சொல்லிக்கொடுத்தாள் என்று எப்படிச் சொல்வது? பின் பெஞ்சில் ஒருத்தி, "பொணத்துக்கு டாக்டரா ஆவப்போறாடீ," என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது.

பள்ளி விட்டதும் நேராகக் கடைசி வீட்டுக்குப் போனேன். வெளியே நல்ல வெயில். வாசலில் கால் வைத்தபோது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. குழந்தைக்கு ஊசி போடும்போது சமாதானம் சொல்வோமே, அந்த மாதிரிக் குரல்.

"ஆயிடுச்சி, ஆயிடுச்சி. இன்னும் நாலே தையலு. கொஞ்சம் பொறுத்துக்க."

மேடைக்கு முன்னால் முதுகைக் காட்டி ஒருவர் குனிந்திருந்தார். வாழைத்தண்டிடம் பேசிக்கொண்டே தைத்தார். அந்தக் குரலை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அப்பா.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டுகிற கான்ட்ராக்ட் வேலை என்றுதான் அவர் எங்களிடம் சொல்லியிருந்தார். பிணவறையில் அறுப்பதும் தைப்பதும் அவர் வேலை என்று அன்றுதான் தெரிந்தது. இப்போது மருத்துவக் கல்லூரியில் அந்த மாதிரி அறைக்குள் நின்று பார்த்திருக்கிறேன். டாக்டர் சொல்லச் சொல்ல, படிக்காத ஒரு கை வேலை செய்கிறது. எல்லோரும் வெளியேறிய பிறகு, அந்தக் கைதான் மூடித் தைத்து, துடைத்து, தலைவாரியும் விடுகிறது.

அன்று எனக்கு முதலில் வந்த நினைப்பு அப்பாவைப் பற்றியதல்ல. வகுப்பில் இது தெரிந்தால் என் தாளில் இருக்கும் திட்டம் என்ன ஆகும் என்பதுதான்.

"மொத நாளு ஒன்னத் தேடிகினு வந்தேன் பாப்பா," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். "தெறந்து கெடந்துச்சி. அப்பிடியே வுட்டுட்டு வர மனசு வரல."

டாக்டர் சொன்னதைக் கோபமாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"சரியாத்தான் சொல்லிகிறாங்க. இத்தக் கத்துக்காத. இது ஆறாத தோலுக்குப் போடறது. ஒங்க தையலு எப்பிடி? அத்தக் காட்டு."

மிச்சமிருந்த பிளவில், போனில் பார்த்தபடி தனித்தனி முடிச்சாக நான்கு போட்டுக் காட்டினேன். கை நடுங்கவில்லை. ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும் என்று விளக்கினேன். அப்பா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாள்ல பிரிப்பீங்க?"

ஏழு நாள் என்றேன், பெரிய சர்ஜன் மாதிரி.

"பிரிச்சிக்க, தையலு போட்டுகின ஆளு தானா நடந்து வருவாரா?"

"பின்ன, தூக்கிகினா வருவாங்க?" என்று சிரித்தேன்.

"நடந்து வந்து, எதுர்ல குந்துவாரு, இல்ல?"

ஆமாம் என்றேன். அவர் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, நடந்து வருவாரா என்று மறுபடியும் கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு சின்ன விஷயம் விளங்காதவரிடம் இன்னும் எத்தனை முறை சொல்வது என்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கி நடந்தேன்.